கால் வயிறு



போன மாதம் செங்கல்பட்டில் மாணவர்களுக்கான ஒரு பயிற்சி வகுப்பு. மதியச் சாப்பாட்டு இடைவேளையில் கல்லூரித் தங்கை ஒருத்தி எங்களைத் தனியாக அழைத்துப் போனாள். அட்ராசிட்டி சட்டத்தைப் பற்றிச் சந்தேகம் கேட்கப் போகிறாள் என்றுதான் நினைத்தோம். "அக்கா, உங்க அக்கா வயித்துல ஆபரேஷன் பண்ணி எளச்சிட்டாங்களாமே, நெஜமா? எங்க அம்மா நூத்திப் பத்து கிலோ. மூட்டு போயிடுச்சி. யார்கிட்ட கேக்குறதுன்னே தெரியல" என்றாள். கேட்கும்போதே குரல் இறங்கிவிட்டது. ஏதோ குற்றத்தைப் பற்றி விசாரிப்பதுபோல அக்கம்பக்கம் பார்த்தாள்.

பத்து நிமிடத்தில் சொன்னது போதவில்லை. அதனால் எழுதுகிறோம்.

நாங்கள் என்றால் மூன்று பேர்: அம்மா, அக்கா, இதை எழுதும் இளையவள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு காலனியில் வீடு. எங்களில் எம்.ஏ. சமூகவியல் படித்தது ஒருத்திதான். ஆனால் இந்த விஷயத்தில் படித்தவளுக்குத் தெரிந்ததைவிட மற்ற இருவருக்கும் அதிகம் தெரியும். அக்கா முழுவதையும் கேட்டுவிட்டு, "எழுது, பேரு மட்டும் போடாத" என்றாள். அம்மா, "இதெல்லாமா எழுதுவாங்க?" என்றாள்.

எடை பார்ப்பதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. அக்காவுக்கு அப்போது 38 வயது. ஈ.சி.ஆர். பக்கம் ஒரு விடுதியில் அறை சுத்தம் செய்யும் வேலை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். இரவில் குறட்டை நடுவில் அறுந்துபோகும், திடுக்கென்று எழுந்து உட்காருவாள். சுகர் இருந்தது, பி.பி. இருந்தது. சுகாதார நிலையத்து எடை இயந்திரம் 120 வரைதான் காட்டும். அக்கா ஏறியதும் முள் கடைசியில் போய் முட்டி நின்றுவிட்டது. "சரியா எவ்வளவுன்னு பார்த்துட்டு வாங்க" என்றார்கள். எங்கே பார்ப்பது? கடைசியில் காயலான் கடைத் தராசில்தான் பார்த்தோம். பழைய இரும்பும் அட்டையும் நிறுக்கிற தட்டில் அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். 126 கிலோ. கடைக்காரர் நல்ல மனிதர், ஒன்றும் சொல்லவில்லை. பையனைக் கூப்பிட்டு டீ வாங்கி வரச் சொன்னார். அக்கா அந்த டீயைக் குடிக்கவில்லை.

பி.பி. பார்க்கும் பட்டையிலும் இதே கதைதான். பருத்த கைக்கு வழக்கமான பட்டை போதாது. இறுக்கிச் சுற்றினால் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். அகலப் பட்டை வேண்டும் என்று கேளுங்கள். கேட்கலாம் என்பதே எங்களுக்கு ஒன்றரை வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

எங்கள் மாவட்டத்துச் சேரிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் 1891இல் இருந்துதான் தொடங்குவார்கள். அப்போது செங்கல்பட்டில் பொறுப்பு ஆட்சியராக இருந்த திரமென்கீர் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு அறிக்கை அனுப்பினார். சத்தில்லாத உடம்பு, கந்தல், நோய், குடிசை என்று அவர் எழுதியதன் தொடர்ச்சியாகத்தான் மறுவருடம் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலத்தைத் திரும்பக் கேட்டதற்காகத்தான் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காவல்துறை துப்பாக்கியால் சுட்டு, ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர்விட்டார்கள். காரணை எங்களுக்கு அதிகத் தூரமில்லை. அந்த வரலாற்றை மேடையில் பலமுறை பேசியிருக்கிறோம். பசித்த உடம்பைப் பற்றிப் பேச எங்களுக்கு வார்த்தைகள் உண்டு. பருத்த உடம்பைப் பற்றிப் பேச ஒரு வார்த்தையும் இல்லை.

அம்மாவுக்கு அதுவும் பிரச்சினையாகத் தெரியவில்லை. கால் வயிறு கூழோடு அண்டை கட்டப் போனவள் அவள். அவளைப் பொறுத்தவரை பெண்ணின் உடம்பு ஊதியது, அவள் ஜெயித்ததற்கு அடையாளம். "எம் பொண்ணு பூசினாப்ல இருக்கா" என்பாள். 90 கிலோவிலும் அதையே சொன்னாள், 110இலும் அதையே சொன்னாள்.

பேராசையால் ஊதிய உடம்பு இல்லை அது. ரேஷனில் விலையில்லா அரிசி வருகிறது, பாமாயில் வருகிறது. நல்லதுதான், அது இல்லாவிட்டால் பட்டினி. ஆனால் காய் வாங்கப் போனால் கையில் காசு நிற்பதில்லை. காலையில் டீயும் பன்னும், மதியம் சோறு, ராத்திரி வேலை முடிந்து வந்து மறுபடியும் சோறு. நடைப்பயிற்சி போகச் சொன்னார் டாக்டர். எங்கே போவது? ஊர்த் தெரு வழியாகப் போனால், காலனிப் பெண் ஷூ போட்டுக்கொண்டு நடக்கிறாளாம் என்று திண்ணையில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். ஈ.சி.ஆர். ஓரம் நடந்தால் லாரியும் பஸ்ஸும் உரசிக்கொண்டு போகும். கடற்கரைக்குப் போனால் மணலில் கால் புதைந்து மூட்டு வலிக்கும். அக்கா கடைசியில் மொட்டை மாடியில் நடந்தாள், நீளவாக்கில் பதினாறு அடி.

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்று, 2019-21. தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடையோ உடல் பருமனோ கொண்டவர்கள். அதே ஆய்வில் இரத்தசோகை உள்ள பெண்கள் 53.4 சதவீதம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் தோழர்களே. ஒரே பெண்ணின் உடம்பில் கொழுப்பு கூடுதலாகவும் இரும்புச்சத்து குறைவாகவும் இருக்கிறது. எங்கள் அக்காவுக்கு ஹீமோகுளோபின் 9.1. பசி எங்கள் உடம்பைவிட்டு முழுதாகப் போகவில்லை, வேறு உருவத்தில் உட்கார்ந்திருக்கிறது.

அறுவை சிகிச்சை என்ற சொல்லை முதலில் சொன்னவர் சுகாதார நிலையத்து டாக்டரம்மாதான். அதற்குமுன் அக்கா எல்லாம் செய்து பார்த்தாள்: சோற்றை விட்டாள், கொள்ளுத் தண்ணீர் குடித்தாள், விளம்பரம் பார்த்து 3,000 ரூபாய்க்கு ஏதோ பொடி வாங்கினாள். ஆறு கிலோ குறையும், எட்டு கிலோ ஏறும். "உங்க மேல தப்பு இல்லம்மா. இந்த எடைக்கு மேல போனா உடம்பே எடைய விட மாட்டேங்கும், பசியக் கூட்டிக் காட்டும்" என்றார் அவர். "தப்பு இல்ல" என்ற சொல்லுக்கு அக்கா அன்று அழுதாள்.

கணக்கு இதுதான். எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் இரண்டு முறை வகுத்தால் பி.எம்.ஐ. அக்காவின் உயரம் 155 சென்டிமீட்டர், பி.எம்.ஐ. 52. உலக அளவில் 30 தாண்டினால் உடல் பருமன் என்பார்கள். நம் நாட்டவருக்கு வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சீக்கிரம் சேருவதால் 25லேயே எச்சரிக்கிறார்கள். 2022இல் புதுப்பிக்கப்பட்ட சர்வதேச வழிகாட்டுதல் 35க்கு மேல் இருந்தால் வேறு நோய் இல்லாவிட்டாலும், 30க்கு மேல் சுகர் போன்ற நோய் இருந்தாலும் அறுவையை யோசிக்கலாம் என்கிறது. ஆசியர்களுக்கு இந்த வரம்பு இன்னும் கீழே, 27.5 வரை இறங்குகிறது. அழகுக்காகப் பத்து கிலோ குறைக்க நினைக்கிறவர்களுக்கான சிகிச்சை இல்லை இது. தங்கைகளே, கல்யாணத்துக்கு முன்னால் ஒல்லியாக வேண்டும் என்று வீட்டில் யாராவது உங்களை அழைத்துப் போனால், எழுந்து வந்துவிடுங்கள்.

முதலில் ஒரு தனியார் மருத்துவமனைக்குத்தான் போனோம். பெயர் வேண்டாம். வரவேற்பில் ஏ.சி., சுவரில் முன்னும் பின்னுமாகப் படங்கள். அறுவையைப் பற்றி டாக்டர் பேசியது ஏழு நிமிடம், தவணைத் திட்டத்தைப் பற்றி ஒரு பெண் பேசியது அரை மணி நேரம். ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் ஒன்பது பக்கம். எங்களில் இளையவள் படித்துக்காட்ட ஆரம்பித்ததும், "அது ஃபார்மாலிட்டிதான் மேடம், கையெழுத்து மட்டும் போதும்" என்றார்கள். மூன்று லட்சத்துக்கு மேல் கேட்டார்கள். அக்கா சுயஉதவிக்குழுக் கடன் வாங்கலாம் என்று கணக்குப் போட்டாள். நகை என்று ஒரு ஜோடிக் கம்மல் இருந்தது.

அந்த வாரமே அந்தச் செய்தி வந்தது. 2024 ஏப்ரல். பம்மலில், அதாவது எங்கள் மாவட்டத்திலேயே, ஒரு தனியார் மருத்துவமனையில் எடைக் குறைப்பு அறுவைக்கு வந்த புதுச்சேரி இளைஞர் ஒருவர் இறந்துபோனார். இருபத்தாறு வயது. அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது, மருத்துவமனையின் உரிமம் தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டது. அம்மா டிவியை அணைத்தாள். "பசிச்சி செத்தவங்களப் பாத்துருக்கேன். எளைக்கறதுக்குப் போயி சாவறதா? வேணாம்" என்றாள். அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்க யாருக்கும் துணிவில்லை. ஐந்து மாதம் அப்படியே போனது. அந்த ஐந்து மாதத்தில் அக்காவை அறை வேலையிலிருந்து துணி வெளுக்கும் இடத்துக்கு மாற்றினார்கள். விருந்தினர் கண்ணில் படக்கூடாது என்பதுதான் காரணம். யாரும் அதை வாயால் சொல்லவில்லை. அவள் அளவுக்குச் சீருடை இல்லை என்று மட்டும் சொன்னார்கள்.

அனுபவமுள்ள மையங்களில் இந்த அறுவையால் இறப்பவர்கள் ஆயிரத்தில் ஓரிருவர் என்கிறது மருத்துவ உலகம். பித்தப்பை அறுவையோடு ஒப்பிடத்தக்க ஆபத்து. ஆனால் அனுபவமுள்ள மையம் என்பதுதான் அந்த வாக்கியத்தில் முக்கியமான சொல். எனவே அடுத்த முறை நாங்கள் பயப்படாமல் கேள்வியோடு போனோம். தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997இல் வந்தது. அதன்கீழ் ஒவ்வொரு மருத்துவமனையும் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்று எங்கே என்று கேட்கலாம். இந்த டாக்டர் இதுவரை எத்தனை பேருக்கு இந்த அறுவை செய்திருக்கிறார்? மயக்க மருந்து டாக்டர் முன்கூட்டியே நோயாளியைப் பார்ப்பாரா? தீவிர சிகிச்சைப் பிரிவு இதே கட்டடத்தில் இருக்கிறதா, இல்லை ஆம்புலன்ஸில் வேறிடம் தூக்கிப் போவார்களா? கசிவு ஏற்பட்டால் நடுராத்திரியில் யார் வருவார்? இதைக் கேட்டால் முகம் சுளிக்கிற இடத்தில் படுக்காதீர்கள்.

கேட்டுக் கேட்டுக் கடைசியில் சென்னையில் ஒரு அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தோம். அரசு மருத்துவமனைகளிலும் இது செய்கிறார்கள் என்பது காலனியில் யாருக்கும் தெரியாது. வரிசை நீளம், காத்திருப்பு நீளம், நடை அதிகம். மாமல்லபுரத்திலிருந்து விடியற்காலை பஸ் ஏறினால்தான் புறநோயாளிச் சீட்டு கிடைக்கும். ஆனால் தவணைத் திட்டம் பேச யாரும் இல்லை, எங்கள் கேள்விகளுக்கு நின்று பதில் சொன்னார்கள். ஒரு வார்த்தை: தனியார் காப்பீடு வைத்திருப்பவர்கள் விதியைப் படித்துவிடுங்கள். பி.எம்.ஐ. 40, அல்லது 35உடன் கடுமையான நோய் இருந்தால்தான் தருவோம் என்று பெரும்பாலான பாலிசிகளில் இருக்கும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள் மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுப் பிரிவிலேயே நேராகக் கேளுங்கள், தரகர்களிடம் வேண்டாம்.

தயாரிப்பு ஏழு மாதம் ஆனது. அவ்வளவு நாளா என்று எரிச்சலாக இருந்தது. பிறகுதான் அந்த ஏழு மாதமும் சிகிச்சையின் பாதி என்று புரிந்தது. இரத்தப் பரிசோதனை, தைராய்டு, மூன்று மாதச் சராசரி சுகர், இரும்பு, பி12, வைட்டமின் டி. இருதய எக்கோ. வயிற்று ஸ்கேன், பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்க. வாய்வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்த்தார்கள். புண் உண்டாக்கும் கிருமி இருந்தது, அதற்கு மருந்து கொடுத்தார்கள். தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்ற சோதனை. ஹீமோகுளோபினை ஏற்ற நரம்பு வழியாக இரும்பு ஏற்றினார்கள். மனநல மருத்துவரிடமும் அனுப்பினார்கள்; அக்கா "நான் என்னா பைத்தியமா?" என்று கோபித்துக்கொண்டுதான் உள்ளே போனாள், முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தாள். உள்ளே என்ன பேசினாள் என்று இன்றுவரை எங்களிடம் சொல்லவில்லை. அவளுடைய வீட்டுக்காரர் விட்டுப்போன வருடத்தில்தான் எடை ஏற ஆரம்பித்தது என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும்.

உணவு ஆலோசகர் அறையில் நடந்ததைத்தான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

அறுவைக்குப் பின் ஒரு நாளைக்கு 60 கிராமாவது புரதம் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் கொழுப்போடு சேர்ந்து தசையும் கரையும். "என்னென்ன சாப்பிடுவீங்க?" என்று கேட்டார் அந்த அம்மா. மேசையைச் சுற்றி இன்னும் நான்கைந்து நோயாளிகள். அக்கா, "முட்டை, மீனு, சிக்கன்" என்றாள். "மட்டன்?" "எப்பனா." அவ்வளவுதான். எழுதிக்கொண்டார். கையில் ஒரு தாள் கொடுத்தார்: பன்னீர், பாதாம், சோயா, கிரேக்கத் தயிர், ஓட்ஸ். எங்கள் காலனிக் கடையில் இதில் ஒன்றுகூடக் கிடைக்காது. எங்கள் வீட்டில் வாரம் இரண்டு முறை ஆக்குவது மாட்டுக்கறி. அதை அக்கா சொல்லவே இல்லை.

வெளியே வந்து, ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். "அத்தன பேரு எதிர்ல எப்பிடிச் சொல்றது? சொன்னா எந்தச் சாதின்னு தெரிஞ்சிடாதா? நாளைக்கி எனக்கு ஊசி போடறது அவங்கதான்" என்றாள்.

நாங்கள் வாயடைத்துப் போனோம். உணவு உரிமை பற்றி எத்தனை மேடையில் பேசியிருக்கிறோம், எத்தனை துண்டறிக்கை போட்டிருக்கிறோம்! 2021 அக்டோபரில் மாமல்லபுரம் கோயில் அன்னதானத்தில் பூஞ்சேரி நரிக்குறவர் பெண்ணை உட்காரவிடவில்லை என்ற காணொலி வந்தபோது நாங்களும் பகிர்ந்தோம். அமைச்சர் அவருடன் அமர்ந்து சாப்பிட்டதும், முதல்வர் பூஞ்சேரிக்கு வந்து பட்டா கொடுத்ததும் எல்லோருக்கும் தெரியும். எங்கள் வீட்டுப் பெண் மருத்துவமனையில் தன் சோற்றை மறைக்கிறாள் என்பது எங்களுக்கே தெரியவில்லை. அந்த உணவு ஆலோசகர் ஒரு கெட்ட சொல் சொல்லவில்லை. யாரும் எதுவும் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

மறைத்ததால் நஷ்டம் யாருக்கு? மாட்டுக்கறியில் நூறு கிராமுக்கு இருபது கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. உடம்பு எளிதாக உறிஞ்சும் இரும்பு இருக்கிறது, பி12 இருக்கிறது. இந்த அறுவை செய்தவர்களுக்கு முதலில் குறைவதே இரும்பும் பி12உம்தான். பன்னீர் விலையையும் மாட்டுக்கறி விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அறுவைக்கு முந்தைய இரண்டு வாரம் கடுமையான பத்தியம்: சோறு கிடையாது, எண்ணெய் கிடையாது, பெரும்பாலும் திரவம். கல்லீரலில் படிந்த கொழுப்பு வற்றினால்தான், அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் இருக்கும் இரைப்பையில் வேலை செய்ய முடியும். ஏமாற்றினால் டாக்டருக்கு உள்ளே போனதும் தெரிந்துவிடும். புகையிலை, வெற்றிலையோடு போடும் சீவல்பாக்கு புகையிலை, எல்லாவற்றையும் வாரக்கணக்கில் முன்பே விட வேண்டும். அக்கா கொஞ்சம் புகையிலை போடுவாள். அதை விட்டதுதான் சோற்றை விட்டதைவிடக் கஷ்டம் என்றாள். மூச்சுப் பயிற்சிக்கு மூன்று உருண்டை உள்ள ஒரு பிளாஸ்டிக் கருவி கொடுத்தார்கள்; பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அதை விளையாட்டுச் சாமான் என்று நினைத்து வரிசையில் நின்றார்கள்.

2025இல் அறுவை. அக்காவுக்குச் செய்தது ஸ்லீவ். லேப்ராஸ்கோப்பியில் ஐந்து சின்னத் துளை போட்டு, இரைப்பையில் முக்கால் பாகத்துக்கும் மேல் வெட்டி எடுத்துவிட்டு மீதியை ஒரு வாழைக்காய்போலத் தைத்துவிடுகிறார்கள். பசியைத் தூண்டும் ஹார்மோன் அதிகமாகச் சுரப்பது வெட்டியெடுக்கும் பகுதியில்தான் என்பதால் பசியும் குறைகிறது. பைபாஸ் என்று இன்னொரு வகை, குடலையும் திருப்பி இணைப்பது. சுகர் அதிகம் உள்ளவர்களுக்கும் நெஞ்செரிச்சல் அதிகம் உள்ளவர்களுக்கும் அதைச் சொல்வார்கள். ஸ்லீவ் செய்தால் திரும்பப் பழையபடி ஆக்க முடியாது. டாக்டர் படம் வரைந்து காட்டியபோது அம்மா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அப்ப கால் வயிறுதான் மிச்சமா?" என்று கேட்டாள். டாக்டர் சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலமே எழுப்பி நடக்கவைத்தார்கள். காலில் இரத்தம் உறையாமல் இருக்க இறுக்கமான காலுறையும் வயிற்றில் ஊசியும். தோள்பட்டை வலித்தது, உள்ளே நிரப்பிய வாயுவால் அப்படி வலிக்குமாம். மூன்றாம் நாள் வீடு. வீட்டுக்கு வந்தபின் காய்ச்சல், படபடவென்ற நாடித்துடிப்பு, அதிகமாகும் வயிற்று வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கக் கால் வீக்கம், இதில் எது வந்தாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக்கூடாது. தையலில் கசிவு வந்தால் முதல் இரண்டு வாரத்தில்தான் பெரும்பாலும் வரும். பக்கத்து ஆட்டோக்காரத் தம்பியிடம் சொல்லிவைத்திருந்தோம், ராத்திரி போன் வந்தால் எடுக்க வேண்டும் என்று. நல்லவேளை, தேவைப்படவில்லை.

இரண்டு வாரம் திரவம் மட்டும். பிறகு மசித்த உணவு, பிறகு மெத்தென்ற உணவு, சாதாரணச் சாப்பாட்டுக்கு வர இரண்டு மாதம் ஆனது. ஒரு டம்ளர் மோரைக் குடிக்க முக்கால் மணி நேரம். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக்கூடாது, முன்னும் பின்னும் அரை மணி இடைவெளி. அவசரமாக ஒரு வாய் விழுங்கினால் நெஞ்சில் கல் நிற்கும், எழுந்து ஓடி வாந்தி. அக்கா ஐந்தாம் நாள் அழுதாள்: "ஏன்டி எனக்கு இத செஞ்சீங்க?" இந்த அழுகை பலருக்கும் வருமாம். எங்களுக்கு முன்கூட்டி யாரும் சொல்லாததால் நாங்கள் ராத்திரி முழுவதும் குற்றவாளிகள்போல உட்கார்ந்திருந்தோம்.

அம்மாவின் பாடுதான் பெரும்பாடு. ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். காலனி முழுவதும் கருவாட்டுக் குழம்பு வாசனை. அம்மா சின்னக் கிண்ணத்தில், சாமிக்குப் படைப்பதுபோல நாலு ஸ்பூன் கூழ் கொண்டுவந்து அக்கா முன்னால் வைத்தாள். அக்கா மூன்று ஸ்பூனில் போதும் என்று கையெடுத்துவிட்டாள். மிச்சம் வைத்த அந்த ஒரு ஸ்பூனை அம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "நாங்க இல்லாம கால் வயிறு தின்னோம். நீ இருந்தும் கால் வயிறு தின்னுற" என்றாள். பதில் சொல்ல ஒன்றும் இல்லை. சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் இன்னும் மோசம். எங்கள் ஜனத்துக்கு, போட்ட சோற்றை வைத்துவிட்டு எழுவது அவமானம். ஊர்க்காரன் நம் வீட்டில் கைநனைக்காத காயம் அது. அக்கா இலையில் சோற்றை வைத்துவிட்டு எழுந்தபோது ஒரு அத்தை, "எங்க வூட்டுச் சோறு கசக்குதா?" என்று கேட்டே விட்டாள். இப்போது அக்கா முன்கூட்டியே, "அத்தை, எனக்கு வயித்துல ஆபரேஷன், ஒரு கை போதும்" என்று சொல்லிவிடுகிறாள். ஒளிக்காமல் சொன்னபிறகுதான் நிம்மதி.

நான்காம் மாதம் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. பின்னால் நின்றுவிட்டது, முளைக்கவும் செய்தது. வயிற்றிலும் கைகளிலும் தோல் தொங்குகிறது, அது போகாது. "ஏதோ சீக்கு வந்துதான் இளைச்சிட்டா" என்று காலனியில் ஒரு பேச்சு ஓடியது. வைட்டமின் மாத்திரை வாழ்நாள் முழுவதும், நிறுத்தவே கூடாது. வலி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கி விழுங்கக்கூடாது, வயிற்றில் புண் வரும். குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்கள் ஒன்றரை வருடமாவது கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். எடை குறைந்தால் கரு உண்டாவதும் எளிதாகிவிடும் என்பதால் இதை முன்பே பேசிவிடுங்கள். மது குடிக்கிற அண்ணன்களுக்கு: இதற்குப் பிறகு கொஞ்சம் குடித்தாலும் போதை அதிகமாக ஏறும்.

இன்றைக்கு அக்கா 89 கிலோ. ஒல்லி இல்லை, ஆகவும் மாட்டாள். சுகர் மாத்திரை மூன்றிலிருந்து ஒன்றானது. குறட்டை அறுவதில்லை. கடந்த இரண்டு மாதமாக எடை இறங்காமல் நிற்கிறது. கவனமில்லாவிட்டால் திரும்ப ஏறும் என்று சொல்லியிருக்கிறார்கள். விடுதியில் மறுபடி அறை வேலைக்கு அழைத்தார்கள். போகவில்லை. "அப்ப கண்ணுல படக்கூடாதவ, இப்ப மட்டும் படலாமா?" என்றாள். இப்போது பேரூராட்சிப் பக்கம் ஒரு சிற்றுண்டிக் கடையில் கணக்குப் பார்க்கிறாள்; சம்பளம் குறைவுதான்.

சில தோழர்கள் எங்களிடம் சண்டை போட்டார்கள். உடலை அதன் போக்கில் ஏற்றுக்கொள்ள வேண்டும், நல்ல இரைப்பையை வெட்டுவது சந்தையின் வன்முறை என்றார்கள். அதில் பாதி சரி. உடம்பைக் கேலி செய்கிறவன் முகத்தில் அறைய வேண்டும் என்பதில் எங்களுக்கும் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் தூக்கத்தில் மூச்சு நின்று எழுந்து உட்காருகிற பெண்ணுக்கு அந்த வாதம் உதவவில்லை. சாதியும் சந்தையும் சேர்ந்து ஊதவைத்த உடம்பு என்பது உண்மை. அந்த உடம்புக்குள் இருந்தது எங்கள் அக்கா என்பதும் உண்மை. தேர்ந்தெடுத்தது அவள். வேண்டாம் என்று அவள் சொல்லியிருந்தாலும் அவளோடுதான் நின்றிருப்போம்.

ஒன்பதாம் மாதப் பரிசோதனையில் இரும்பு மறுபடி குறைந்திருந்தது. அதே உணவு ஆலோசகர், அதே மேசை, சுற்றிலும் வேறு நோயாளிகள். "புரதம் போதலையேம்மா, என்ன சாப்பிடறீங்க?" என்றார். அக்கா எங்களை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கொஞ்சம் சத்தமாகவே, "மாட்டுக்கறிங்க. கொத்துக்கறியா வேகவெச்சா சாப்பிட முடியுது. எவ்ளோ சாப்பிடலாம்?" என்று கேட்டாள். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா நாற்காலியைச் சற்று நகர்த்திக்கொண்டார். ஆலோசகர் ஒரு நொடி பேனாவை நிறுத்தினார். பிறகு, "கொழுப்பு இல்லாத இடமா வாங்குங்க, ஒரு வேளைக்கு ஐம்பது கிராம், நல்லா மென்னு" என்று சொல்லித் தாளில் எழுதிக் கொடுத்தார். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா" என்றும் சொன்னார்.

அந்தத் தாளை வைத்து நாங்கள் வீட்டில் ஒரு பட்டியல் தயாரித்து, அவரிடமே காட்டித் திருத்தி வாங்கினோம். முட்டை, மத்தி, நெத்திலி, மாட்டுக்கறி, வேகவைத்த காராமணி, மோர், முருங்கைக்கீரை எல்லாம் அதில் இருக்கிறது. கருவாட்டை உப்பு போக ஊறவைத்துக் கழுவ வேண்டும், பி.பி. உள்ளவர்கள் அளவாக. எலும்பு சூப் தொண்டைக்கு இதம், ஆனால் புரதம் என்று நம்பிவிடக்கூடாது என்று கீழே எழுதியிருக்கிறார். செங்கல்பட்டு வகுப்பில் கேட்ட தங்கைக்கு ஒரு ஜெராக்ஸ் கொடுத்தனுப்பினோம். அவள் அம்மாவுக்கு இன்னும் எடையே சரியாகப் பார்க்கவில்லை. அடுத்த வாரம் அவர்களோடு சென்னைக்குப் போகிறோம், விடியற்காலை முதல் பஸ்ஸில். அக்காவும் வருகிறாள், அவளுக்கு அன்றைக்கு பி12 ஊசி.